நான்கு மாதக் குழந்தை திடீரென்று இரவெல்லாம் எழுகிறதே, நேரம் வகுத்துப் பால் கொடுத்தால் சரியாகுமா?

பிறந்த நாளிலிருந்து ஒரு வயது வரை எந்த மாதத்தில் எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குத் தூக்கம் என்று ஓர் அட்டவணை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி நான்கு வரிகளில்தான் உங்கள் கவலை இருக்கிறது. மூன்று மாதம் வரை இரவில் ஐந்து மணி நேரம் ஒரேயடியாகத் தூங்கிய மகள், நான்கு மாதம் முடிந்ததும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அழுகிறாள். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறீர்கள். வீட்டில் "பால் பத்தவில்லை" என்கிறார்கள். துணியில் இறுக்கிச் சுற்றிப் படுக்கவைத்தால் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்குகிறாள். ஆக, நீங்கள் கேட்பது அட்டவணை இல்லை. எனக்குப் பால் போதுமா, நான் எங்கேயாவது தவறு செய்துவிட்டேனா என்பதுதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு அட்டவணைக்கு வருகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் 11 வருடம் செவிலியராக இருந்தேன். கடந்த 6 வருடமாகத் தாய்மார்களுக்குப் பாலூட்ட உதவும் வேலை. உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் எடையையும் டயபர் கணக்கையும் வைத்துத்தான் பேச முடியும். நிறைமாதத்தில் பிறந்தவள் என்று எடுத்துக்கொள்கிறேன். குறைமாதக் குழந்தை என்றால் தூக்கத்தைப் பற்றிச் சொல்லும் மாதக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பிறக்கும்போது 2.9 கிலோ, இப்போது 6 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். பிறந்த எடை ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பானாலே போதும். உங்கள் மகள் அதற்கு முன்பே தாண்டிவிட்டாள். ஒருநாளைக்கு ஆறேழு டயபர் நன்றாக நனைகிறது. இந்த இரண்டும் சரியாக இருக்கும்போது பால் போதவில்லை என்று சொல்ல இடமே இல்லை. பால் குறைந்தால் அது முதலில் எடையிலும் மூத்திரத்திலும் தெரியும். தூக்கத்தை வைத்துப் பாலை அளக்க முடியாது. மார்பு முன்போல் கனக்கவில்லை, பம்ப் வைத்தால் கொஞ்சம்தான் வருகிறது, ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டு வாயை எடுத்துவிடுகிறாள் என்பதெல்லாம் இந்த வயதில் பால் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. முதல் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மார்பு தளர்வாக இருப்பது இயல்பு. பம்ப் இழுப்பதும் குழந்தை இழுப்பதும் ஒன்றல்ல. நான்கு மாதக் குழந்தை குடிப்பதில் கைதேர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அட்டவணை விஷயத்தில் என் மனதை மாற்றியது அதுதான். ஆஸ்திரேலியாவில் 71 தாய்மார்களை வைத்து நடந்தது, 2006-இல் வெளியானது. ஒன்று முதல் ஆறு மாதம் வரையுள்ள, தாய்ப்பால் மட்டும் குடித்து நன்றாக வளர்கிற குழந்தைகள். ஒரு முழு நாள், ஒவ்வொரு முறை பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார்கள். ஒருநாளைக்குக் குடித்த பால் சராசரியாக 788 கிராம். ஆனால் மிகக் குறைவாகக் குடித்த குழந்தைக்கு 478, மிக அதிகமாகக் குடித்த குழந்தைக்கு 1,356. ஒரு குழந்தை நாளுக்கு 6 தடவை குடித்தது, இன்னொன்று 18 தடவை. பெரும்பாலானவை இரவிலும் குடித்தன. எல்லாமே ஆரோக்கியமான குழந்தைகள்! மார்பு ஒரே நேரத்தில் எவ்வளவு பாலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பது தாய்க்குத் தாய் மாறும்; கொஞ்சமாகச் சேரும் தாயின் குழந்தை அடிக்கடி குடித்து அதே மொத்தக் கணக்குக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட குழந்தையிடம் போய் "மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான்" என்றால் அதன் பாலைக் குறைக்கிறோம் என்று அர்த்தம். எடுக்க எடுக்கத்தான் பால் சுரக்கும் என்பதால், கொஞ்ச நாளில் சுரப்பும் குறையும்.

அப்படியானால் அந்த மூன்று மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூக்குவழிக் குழாயில் பால் ஏற்றும் குறைமாதக் குழந்தைகளுக்காக 6, 9, 12, 3 என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டியிருந்தோம். பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை இரண்டு பேர் பார்க்கும்போது எங்கள் வசதிக்கு அது தேவைப்பட்டது. பக்கத்து அறையிலிருந்த நிறைமாதக் குழந்தைகளின் தாய்மார்கள் அந்தத் தாளைச் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனதை நான் பலமுறை பார்த்தேன். ஒருமுறைகூடத் தடுக்கவில்லை; அன்றைக்கு எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. இதற்கெல்லாம் முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் கிடையவே கிடையாது என்று பிரசாரம் செய்தார். அது பல நாடுகளுக்குப் பரவியது. இன்று உலக சுகாதார நிறுவனம் முதற்கொண்டு எல்லோரும் சொல்வது நேர் எதிரானது: பகலோ இரவோ, குழந்தை கேட்கும்போது கொடுங்கள்.

சரி, பால் போதும் என்றால் ஏன் எழுகிறாள்? மூளை வளர்ந்திருக்கிறது, அதனால். புதிதாகப் பிறந்த குழந்தையின் தூக்கத்தில் கிட்டத்தட்டப் பாதி, கண்கள் இமைக்குள் உருள, கைகால் துடிக்க, முகம் சுளிக்க நடக்கும் சுறுசுறுப்பான தூக்கம். அது தூக்கத்துக்குள் நுழைவதே அந்த வாசல் வழியாகத்தான். மூன்று, நான்கு மாதத்தில் இது மாறுகிறது. பெரியவர்களைப் போல அமைதியான தூக்கம் வழியாக நுழைந்து, ஆழமாக இறங்கி, மேலே வந்து, மறுபடி இறங்கும் சுற்றுகளாகத் தூக்கம் பிரிகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரைகுறை விழிப்பு உண்டு. நமக்கும் உண்டு, தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம், காலையில் நினைவே இருக்காது. அவளுக்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை. கூடவே சுற்றுமுற்றும் பார்க்கும் ஆர்வமும் இந்த வயதில்தான் பொங்குகிறது. பகலில் பால் குடிக்கும்போது கதவுச் சத்தம் கேட்டால்கூடத் தலையைத் திருப்பிவிடுவார்கள். பகலில் பாதி வயிற்றோடு எழுந்தால் அந்தக் கடனை இரவில்தானே தீர்க்க வேண்டும்? அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது, பகலில் இரண்டு மூன்று தடவையாவது இருட்டான, பேச்சுச் சத்தமில்லாத அறையில் வைத்துப் பால் கொடுங்கள்.

இப்போது வயதுவாரியாக. முதல் வாரங்களில் அட்டவணைக்கு வேலையே இல்லை. முதல் நாளில் ஒரு தடவைக்குச் சில மில்லி சீம்பால்தான் உள்ளே போகும், வயிறும் அதற்கு ஏற்றாற்போல்தான். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது சாதாரணம். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறையலாம். 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதுவரை ஒரே ஒரு விதத்தில் கடிகாரம் உதவும்: மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். மஞ்சள் காமாலை உள்ள குழந்தை "சமர்த்தாக" தூங்கிக்கொண்டே இருக்கும், பெற்றவர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள். நான் பயந்த குழந்தைகள் எல்லாம் அந்தச் சமர்த்துக் குழந்தைகள்தான். அழுது ஊரைக் கூட்டும் குழந்தையைப் பற்றி அவ்வளவு பயப்பட்டதில்லை.

ஆறு வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போகும், அதுவும் மாலையில். சாயங்காலம் தொடங்கி இரவு வரை அரை மணிக்கு ஒரு தடவை மார்பைக் கேட்கும் குழந்தைகள் உண்டு. "பால் பத்தவில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் முதலில் எழுவது இந்த வாரத்தில்தான். தானாகவே குறையும். இரண்டு, மூன்று மாதத்தில் குழந்தையின் உடல் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைத் தானாகச் சுரந்து இரவையும் பகலையும் பிரிக்கத் தொடங்குகிறது. அதற்குமுன் இரவுத் தூக்கத்தைப் பழக்கப் பார்ப்பது விதைத்த மறுநாளே தோண்டிப் பார்ப்பதுபோல. பகலில் வெளிச்சம், இரவில் மங்கல் விளக்கு, பேச்சில்லாமல் பால், அதுபோதும்.

நான்கு முதல் ஆறு மாதம் வரை, அதாவது உங்கள் மகளின் இப்போதைய வயதில், பகலில் மூன்று அல்லது நான்கு குட்டித் தூக்கம் இருக்கும். ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விழித்திருக்கலாம். இந்த "விழித்திருக்கும் நேரக் கணக்கு" இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குப் பின்னால் திடமான ஆய்வு எதுவும் கிடையாது, எங்களைப் போன்றவர்களின் அனுபவம்தான். கண்ணைக் கசக்குகிறாள், பார்வை ஓரிடத்தில் நிலைக்கிறது, பொம்மையிலிருந்து முகத்தைத் திருப்புகிறாள் என்றால் ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகியிருந்தாலும் படுக்கவைக்க வேண்டியதுதான்.

மொத்தத் தூக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு: மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16, ஒன்று முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14. பகல் தூக்கமும் இதில் சேரும். அந்த இடைவெளிகளைக் கவனியுங்கள்: உங்கள் மகளின் வயதில் நான்கு மணி நேர வித்தியாசம்கூட இயல்பு. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் பரிந்துரை வெளியிட்டபோது, நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எண்ணே தரவில்லை. குழந்தைக்குக் குழந்தை அவ்வளவு மாறுகிறது என்பதுதான் காரணம். தூக்கத்தையே தொழிலாகப் படித்தவர்கள் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் செல்போன் செயலிகள் நிமிடக் கணக்குச் சொல்கின்றன.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து மட்டும் போதாது. 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, 9 முதல் 11 மாதம் வரை மூன்று நான்கு வேளை, பாலும் தொடர வேண்டும். ஒரு வயதுவரை தேன் வேண்டாம், மாட்டுப்பாலை முக்கிய பானமாகவும் தர வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் தண்ணீரும் தேவையில்லை. பகல் தூக்கம் ஒன்பது மாத வாக்கில் இரண்டாகும், ஒன்றேகால் ஒன்றரை வயதில் ஒன்றாகும். இந்தப் பருவத்தில்தான் நாள் தானாகவே ஓர் ஒழுங்குக்கு வரும். நீங்கள் கேட்ட அட்டவணையைக் குழந்தையே போட்டுக் கொடுத்துவிடும்.

"இப்போதே கொஞ்சம் திட உணவு கொடுத்தால் இரவு நன்றாகத் தூங்குவாள்" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் இந்த வாரம் சொல்வார்கள். இதில் துளி உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 1,303 குழந்தைகளை வைத்து நடந்த ஒரு சோதனையில், மூன்று மாதத்திலேயே திட உணவு தொடங்கிய குழந்தைகள் மற்றவர்களைவிட நீளமாகத் தூங்கினார்கள். எவ்வளவு? அதிகபட்சமாக இரவுக்குச் சுமார் 17 நிமிடம். இரவில் எழுவது சராசரியாக இரண்டு தடவையிலிருந்து ஒன்றேமுக்கால் தடவைக்குக் குறைந்தது. 17 நிமிடத்துக்காக நான் அவசரப்பட மாட்டேன். திட உணவு தொடங்க, தலை நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், உணவை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும்.

குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஏழெட்டு மாதத்துக்கு மேல் மெல்ல மெல்லப் பழக்குவது சில குடும்பங்களுக்கு உதவுகிறது. ஆஸ்திரேலியாவில் அப்படிப் பழக்கிய குழந்தைகளை ஆறு வயதில் பார்த்தபோது தீங்கும் தெரியவில்லை, நீடித்த நன்மையும் தெரியவில்லை. ஆகவே பழக்கினால் பாவம் என்பவர்களும், பழக்காவிட்டால் குழந்தை கெட்டுவிடும் என்பவர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். ஆறு மாதத்துக்குள் தொடங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்னொன்று: 2018-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் தூங்கவில்லை. அவர்களுடைய வளர்ச்சியில் குறையேதும் காணப்படவில்லை. என் மகன் அந்த 28-இல் ஒருவன். தொழில் தெரிந்த அம்மா என்று அவன் சலுகை காட்டவில்லை.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது இவ்வளவுதான். மூன்று நாள் ஒரு நோட்டில் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்: எப்போது குடித்தாள், எப்போது தூங்கினாள், எப்போது எழுந்தாள். நிமிடம் வேண்டாம், கால் மணி நேரத் துல்லியம் போதும். மூன்றாம் நாள் பார்த்தால், மணி ஒத்துப்போகாவிட்டாலும் வரிசை ஒத்துப்போவது தெரியும். எழுந்ததும் பால், பிறகு விளையாட்டு, பிறகு தூக்கம் என்பதுபோல ஏதோ ஒன்று. அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மணியை விட்டுவிடுங்கள். இரவுத் தூக்கத்துக்கு முன் துடைத்துவிடுவது, விளக்கைக் குறைப்பது, பால், பாட்டு என்று தினமும் ஒரே மாதிரி அரை மணி நேரம் போகட்டும். நாளுக்கு ஒரு தடவை மட்டும், முழுதும் தூங்கிவிடுவதற்குமுன், கண் சொக்கும் நிலையில் கீழே கிடத்திப் பாருங்கள். அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். இரவில் சிணுங்கியதும் பாய வேண்டாம்; ஒரு நிமிடம் காத்திருங்கள். சில சிணுங்கல்கள் தூக்கத்துக்குள்ளேயே நடப்பவை, நாம்தான் தூக்கி எழுப்பிவிடுகிறோம். இந்தக் கட்டம் சிலருக்கு இரண்டு வாரத்தில் தீரும், சிலருக்கு இரண்டு மாதம் இழுக்கும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய சமயங்களும் உண்டு. டயபர் நனைவது திடீரென்று குறைந்தால், எடை ஏறாமல் நின்றால், இரண்டு மூன்று வேளை தொடர்ந்து பாலை மறுத்தால், எழுப்ப முடியாத அளவுக்குத் துவண்டால், மூச்சு வேகமாகவோ முனகலோடோ இருந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால் அன்றைக்கே போங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் காத்திருக்கக் கூடாது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

கடைசியாக அந்தத் துணி. நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது அது ஒன்றுதான். மகள் புரள முயல்கிறாளா என்று நீங்கள் சொல்லவில்லை. நான்கு மாதம் என்றால் இன்றில்லாவிட்டால் நாளை முயல்வாள். கை கட்டிய நிலையில் குப்புற விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. எனவே சுற்றுவதை இன்றிரவே நிறுத்துங்கள். கை வெளியே இருக்கும்படி தைத்த தூக்க உறை போடலாம். மல்லாந்து படுக்கவையுங்கள், கெட்டியான தட்டையான படுக்கையில், தலையணையும் போர்வையும் பொம்மையும் இல்லாமல், உங்கள் அறையிலேயே. அவளாகப் புரண்டு குப்புறப் போனால், இரண்டு பக்கமும் புரளத் தெரிந்த பிறகு திருப்பிப் போட வேண்டியதில்லை. இரவு மூன்று மணிக்குக் களைப்பில் சோபாவில் சாய்ந்து பால் கொடுப்பதை மட்டும் தவிருங்கள். இருவரும் அப்படியே தூங்கிப்போனால், அதைவிட ஆபத்தான இடம் வீட்டில் இல்லை. சுற்றுவதை விட்டால் முதல் மூன்று நான்கு இரவு இன்னும் மோசமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் காலைத் தூக்கத்துக்கு வேறு யாராவது குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் படுத்துவிடுங்கள்.